கடைப்பெட்டியில் போன பிஸ்கட்

மலர்க்கொடி கிராமச் செவிலியர். நீடாமங்கலத்துக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் இருபத்திரண்டு வருடமாகப் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சொட்டு மருந்து ஊற்றியது அவர் கைதான். கீழத்தெருப் பிள்ளையும் மேலத்தெருப் பிள்ளையும் அந்தக் கைக்கு ஒன்றுபோலவே வாயைத் திறந்தன. ஆனால் கீழத்தெரு அடுப்பில் வெந்த எதையும் மேலத்தெரு சாப்பிடாது. கரும்பு கொடுத்தால் வாங்கும், வாழைத்தார் வாங்கும், கடையில் வாங்கிய பலகாரப் பெட்டி என்றால் அதையும் வாங்கும்.

கீழத்தெருக்காரரான மலர்க்கொடி இது தெரிந்தும் போன பொங்கலுக்கு மேலத்தெரு பிரகதீஸ்வரி வீட்டுக்குத் தன் கையால் சுட்ட பிஸ்கட்டை அனுப்பினார். மலர்க்கொடியின் கணவர் கண்ணுசாமி குத்தகைக்கு உழும் ஆறு மா நிலமும் அந்த வீட்டுக்குச் சொந்தம். மறுநாள் அங்கே பையனுக்குக் காய்ச்சல் பார்க்கப் போனவர், கழுநீர்த் தொட்டியில் பானை வடிவிலும் கரும்பு வடிவிலும் சுட்ட தன் பிஸ்கட்டுகள் ஊறுவதைக் கண்டார். பசுமாடு அவற்றை நக்கிக்கொண்டிருந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஒரு வருடமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

“இந்த வருஷம் அந்த வீட்டுக்கு ஒரு துண்டு போகக் கூடாது” என்று போகியன்றே சொல்லிவிட்டார்.

சென்னையிலிருந்து வந்திருந்த மகள் எழில்மொழி ஓவனைப் பார்த்துக்கொண்டாள். கண்ணுசாமி சர்க்கரைப் பாகு நிறைத்த ஐசிங் கோனைப் பிடித்து மாட்டு வடிவ பிஸ்கட்டுக்குக் கொம்பு வரைந்தார்.

“அப்பா, இது மாடா ஆடா?”

“வாடிவாசல்ல விட்டுப் பாரு. தெரியும்.”

மாட்டுப் பொங்கலன்று காலையில் பிரகதீஸ்வரியிடமிருந்து போன் வந்தது. மலர்க்கொடி கையெல்லாம் மாவாக இருந்ததால் மகள்தான் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“நர்ஸம்மா, நேத்து குடுத்து விட்டீங்களே பிஸ்கட், பிரமாதம். வந்த சொந்தக்காரங்க ஒண்ணு விடல. கும்பகோணத்துல எந்தக் கடை? இன்னும் ரெண்டு பெட்டி வேணும்.”

போன் வைக்கப்பட்டதும் எழில்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்குத் தெரியாமல், கடைப் பெயர் மங்கிப்போன பழைய கும்பகோணம் பேக்கரிப் பெட்டி ஒன்றில் அடுக்கி, ரிப்பன் கட்டி, அப்பாவிடம் கொடுத்தனுப்பியது அவள்தான்.

“நல்லா ஏமாந்தாங்கல்ல? நம்ம வீட்டுதைத் தின்னுட்டாங்கம்மா.”

“யாருடி ஏமாந்தா? கடைக்காரன் பேரைச் சொல்லித் தின்னாங்க. என் பேரு எங்க?”

“விடு மலரு” என்றார் கண்ணுசாமி. “நிலம் அவங்க கையில இருக்கு. சித்திரையில குத்தகை பேசணும்.”

“நிலத்துக்காக என் அடுப்பை நானே மறைக்கணுமா?”

கையைத் துடைத்துக்கொண்டு நடந்தே போனார். பிரகதீஸ்வரி வாசலில் கோலத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பையன் கடைசி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க நர்ஸம்மா. பெட்டி கொண்டு வந்தீங்களா?”

“அது கடைப் பண்டம் இல்லீங்க. நான் சுட்டது. போன வருஷம் மாட்டுக்குப் போட்டீங்களே, அதே பிஸ்கட்டுதான்.”

பிரகதீஸ்வரியின் கை தன்னையறியாமல் பையனின் வாய்ப்பக்கம் நீண்டு பாதியில் நின்றது. பையன் மிச்சத்தையும் விழுங்கிவிட்டான்.

“ஐயோ, அதெல்லாம் நான் பாக்கறதில்ல நர்ஸம்மா. வீட்ல பெரியவங்க இருக்காங்க... முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா தின்னிருப்பீங்களா?”

பிரகதீஸ்வரி பையன் சட்டையில் ஒட்டியிருந்த துகளைத் தட்டிவிட்டார்.

“ரெண்டு பெட்டி கேட்டீங்க. பெட்டியில வராது. எங்க வீட்டுத் தட்டுல வரும். வேணுமா?”

பிரகதீஸ்வரி உள்ளே திரும்பிப் பார்த்தார். “கேட்டுட்டுச் சொல்றேன்.”

“கேளுங்க.”

வீட்டுக்கு வந்தபோது கண்ணுசாமி வாசலிலேயே நின்றிருந்தார். “என்ன சொன்னாங்க?”

“கேட்டுட்டுச் சொல்வாங்களாம்.” மலர்க்கொடி நேராக மாவுப் பாத்திரத்தருகே போனார். “அந்த ஒரு வீட்டுப் பதிலுக்காக நான் காத்துக்கிட்டிருக்கப் போறதில்ல. நாளைக்கு மேலத்தெரு முழுக்கப் போறேன். நான் சுட்டதுன்னு சொல்லியே நீட்டுவேன். யாரு வாங்குறாங்க, யாரு வாங்கலன்னு என் கண்ணால பாக்கணும்.”

எழில்மொழி அப்பாவைப் பார்த்தாள். அவர் வயல் பக்கம் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து ஐசிங் கோனை எடுத்து உட்கார்ந்தார்.

“மொத்தம் எத்தனை வீடு?” என்று கேட்டார்.