சிவப்புப் பசை

பட்டறையில் அவருக்கு ‘சீச்சீ’ என்று பெயர். வைத்தது பழைய கூட்டாளி. இருபது வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்து எழுகிற மனிதர், ஒரு சொட்டு எண்ணெய் கசிவதைப் பார்த்தால் சாப்பாட்டில் முடி கிடந்ததுபோல முகத்தைச் சுளிப்பார். ஸ்பேனரைத் துடைக்காமல் வைத்தால் சீ. அடுத்தவன் செய்த வேலையைப் பார்த்தாலே சீ. “உங்களுக்கு எவன் மெக்கானிக் வேலை கொடுத்தான், சோப்புக் கடை வச்சிருக்கலாம்” என்பாள் வீட்டுக்காரி. கையைத் துடைக்காமல் அவர் போனைக்கூடத் தொட்டதில்லை.

கூட்டாளியோடு முறிந்ததும் இந்தச் சுளிப்பால்தான். ஐந்து வருஷத்துக்கு முன் அவர் பொறுக்கமாட்டாமல் தெருக்கோடியில் தனிப் பட்டறை போட்டுக்கொண்டார்.

அன்று காலை டீச்சரம்மாவின் பழைய டீசல் கார் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அந்த ஒரு வண்டியில்தான் பிழைப்பு. போன வருஷம் சீச்சீ ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் கிடந்தபோது, கூட்டாளியிடம் போய், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாற்றியிருந்தார். ஏழே மாதத்தில் மறுபடி எண்ணெய் கசிந்து, அதே கூட்டாளி கையால் இரண்டாவது டர்போ. இப்போது அதுவும் கசிகிறது. வெறுத்துப்போய், சாயங்காலம் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டார்.

“போன தடவையே போன்ல சொன்னீங்கண்ணே, அவர் பழசைத் தேய்ச்சுப் புதுசுன்னு மாட்டுவார்னு. என்கிட்ட வண்டி கத்துக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப அங்க ஒரு ஆள் போறதில்ல.”

“பின்ன என்னம்மா. அதெல்லாம் ஒரு வேலையா. சீ.” வாய்தான் சீ என்றது, உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

டர்போவிலிருந்து போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றினார். கருகிய நாற்றத்தோடு எண்ணெய் கொழகொழவென்று மணிக்கட்டில் வழிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை உள்ளே விட்டு, டர்போவுக்குள் சுழலும் சின்னச் சக்கரத்தின் தண்டை ஆட்டிப் பார்த்தார். தேய்ந்த டர்போ என்றால் ஆட வேண்டும். ஆடவில்லை. சுண்டினால் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஏர் ஃபில்டரைப் பார்த்தார், சுத்தம். இன்ஜினை ஓடவிட்டு எண்ணெய் மூடியைத் திறந்தார். காற்று சீறவில்லை, அங்கேயும் கோளாறு இல்லை.

அப்படியானால் டர்போவுக்குப் போன எண்ணெய் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் பிதுங்குகிறது. எண்ணெய் திரும்பி வரும் குழாயில்தான் அடைப்பு. டர்போ மாற்றியபோது கூட்டாளி அதன் மேல்முனையை மட்டும் கழற்றியிருக்கிறான். இன்ஜினோடு சேரும் கீழ்முனையைத் தொடவே இல்லை. “சோம்பேறிப் பய” என்று முனகிக்கொண்டே அடியில் படுத்து இரண்டு போல்ட்டையும் தளர்த்தினார்.

குழாய் கையோடு வந்தது. வாய்க்குள், கசிவை அடைக்கப் பூசும் சிவப்புப் பசை பிதுங்கி இறுகி, அதன்மேல் கரி படிந்து, தீக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். வெளி விளிம்பு மட்டும் நூல் பிடித்ததுபோல் துடைத்து நேர்த்தியாக இருந்தது. இந்த வட்டாரத்தில் அப்படித் துடைக்கிற கை ஒன்றுதான்.

நாலு வருஷத்துக்கு முன் இதே வண்டி அவரிடம் வந்தபோது அந்த இடத்தில் ஒரு சொட்டு கசிந்தது. அவருக்குத் தாங்கவில்லை. இடையில் வைக்கும் கேஸ்கெட் தகடு மட்டும் போதுமான இடத்தில் பசையை அப்பி முடுக்கி, வெளியே வந்ததை வழித்தெடுத்தார். உள்ளே எவ்வளவு போனது என்று அவர் பார்க்கவில்லை.

அடுத்தவன் அழுக்கு என்றால் காறித் துப்பியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் இரண்டு நிமிஷ வேலை. ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

“என்னண்ணே, கெடச்சுதா?”

வெளியே வந்து குழாயை நீட்டினார். “இதான்மா. டர்போ நல்ல டர்போதான். வண்டியை இரும்புக்குப் போட வேண்டாம்.”

“இந்தப் பசை அவர் வேலையா?”

“என் வேலை.”

டீச்சரம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த மனுசனைத் திருடன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே, உங்க பேச்சைக் கேட்டு” என்றார். கோபம்கூட இல்லை. முகம் மெல்லச் சுளித்தது. இத்தனை வருஷம் அவர் மற்றவர்களுக்குக் காட்டிய அதே சுளிப்பு.

சீச்சீ போனை எடுத்துக் கூட்டாளியை அழைத்தார்.

“என்ன சீச்சீ, அதிசயமா இருக்கு?” என்றது மறுமுனை.

“டீச்சரம்மா வண்டிக்கு நீ போட்ட டர்போ நல்லாத்தான் இருக்குடா. கெடுத்தது நான்.”

போனிலிருந்து எண்ணெய் கன்னத்தில் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.