பனிமான் பண்ணையில் காணாமல் போன குட்டி

ஈர வைக்கோலும் மான் மூச்சும் கலந்த ஒரு சூடான வாசம்... காலையில் பட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும்.

டோர்ட்மண்டுக்குத் தெற்கே, மலைப்பக்கத்தில் ஒரு பனிமான் பண்ணை. கிறிஸ்மஸ் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அந்த மான்தான். ஜெர்மனிக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அங்கே. பாட்டன் தொடங்கி, மகன் பெருக்கி, அப்போதுதான் பேரன் மார்ட்டின் கைக்கு வந்திருந்தது. அவனுடைய அப்பா பின்னால் இருந்த பழைய வீட்டுக்கு ஒதுங்கிவிட்டார்.

அந்த வருடம் ஒரு குட்டிக்குப் பின்னங்கால் முறிந்துவிட்டது.

"இது தேறாது. நாளைக்கு மிருக டொக்டர் வந்து ஊசி போட்டு முடிக்கட்டும்" என்றான் மார்ட்டின்.

மறுநாள் காலை குட்டியைக் காணவில்லை.

மார்ட்டின் என்னையும் சிவா அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தான். அங்கே வேலை செய்தது நாங்கள் இருவர்தான்.

"பூட்டு உடையேல்லை. சாவி உங்கள் ரெண்டு பேரிட்டையும்தான் இருக்கு. பின்னேரத்துக்குள்ள குட்டி வராட்டி பொலிசுக்குச் சொல்லுவன்."

சாவிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்கு விசா புதுப்பிக்கும் நேரம். பொலிஸ் என்றால்...

எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்ததே சிவா அண்ணைதான். ஆனால் அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணை, உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும்? பேசாமல் வேலையைப் பாரும் பிள்ளை."

அவருடைய ஜக்கெட் பை உப்பியிருந்தது. உள்ளே அப்பிள் துண்டுகள். குட்டியை எங்கேயோ கட்டி வைத்திருக்கிறாரோ... விற்கப் போகிறாரோ...

மதியம் அவர் பழைய வீட்டுப் பக்கம் நழுவினார். பின்னாலேயே போனேன். உடுப்புத் தோய்க்கும் அறைக்குள்ளிருந்து 'டிக்... டிக்' என்று சத்தம். பனிமான் அடி எடுத்து வைத்தால் காலிலிருந்து அப்படித்தான் கேட்கும்.

கதவைத் தள்ளினேன்.

காலில் கட்டோடு குட்டி. கவிழ்த்த வாளியில் மார்ட்டினின் அப்பா. பக்கத்தில் சிவா அண்ணை அப்பிள் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்தும் பிள்ளை!"

சாத்த முடியவில்லை. எனக்குப் பின்னால் மார்ட்டின் நின்றான். என்மேல் சந்தேகப்பட்டு என் பின்னாலேயே வந்திருக்கிறான்!

"அப்பா... என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியே?"

மார்ட்டின் முழங்காலிட்டு, தளர்ந்திருந்த கட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டத் தொடங்கினான். அப்பா குட்டியின் காலைப் பிடித்துக் கொடுத்தார்.

எங்களிடம் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் சாவிகளைக் கையில் தந்துவிட்டுப் போனான்.

"எனக்கு ஏன் அண்ணை மறைச்சனீங்கள்?" என்று பிறகு கேட்டேன்.

"தெரிஞ்சா உம்மாலை பொய் சொல்ல ஏலாது. முகமே காட்டிக் குடுத்திடும்."

குட்டி நொண்டி நொண்டியே வளர்ந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, போன கிழமை என் பிள்ளைகளோடு அங்கே போனேன். இப்போது மார்ட்டினின் மகள்தான் முதலாளி. எந்தப் பக்கம் திரும்பினாலும் கமெரா. யாரும் யாரையும் சந்தேகமாய்ப் பார்க்கத் தேவையில்லை. நல்லதுதான்.

ஆனால்... ஒரு குட்டியை ஒளித்துவைக்க அங்கே இப்போது ஓர் இடமும் இல்லை.