முனிரத்தினம் பாதியில் விட்டது

நேற்று மகள் மாம்பழ ஜூஸ் டப்பாவில் குழலைக் குத்தியதும் அந்த வாசனை குப்பென்று வந்தது. பழத்தின் வாசனை இல்லை, வெந்த மாங்கூழின் வாசனை. உங்களுக்கு அது வெறும் ஜூஸ். எனக்கு அதில் ஒரு டிரம்பெட் கேட்கும். சிரிக்காதீர்கள்.

அப்போது நான் சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பர். முகூர்த்த நாட்களில் கல்யாண பேண்டில் கிளாரினெட். அந்தச் சிவப்புக் கோட்டில் என்னைப் பார்த்தால் மாப்பிள்ளைக்கே சிரிப்பு வரும். பக்கத்தில் டிரம்பெட் ஊதுகிறவன் முனிரத்தினம், சாந்திபுரத்துக்காரன். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான். டிரம் அடிப்பவன் பாபு.

மாங்காய் சீசன் இரண்டு மூன்று மாதம்தான். அப்புறம் ஃபாக்டரிக் கொட்டகை காலி, சாவி என்னிடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் உள்ளே போய்விடுவோம். எல்லாம் ஒரு கேசட்டால் வந்த வினை. பாபுவின் மச்சான் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது, மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு கிழிந்திருந்தது. அதற்கு ஜாஸ் என்று பெயர் என்பதே பிறகுதான் தெரியும். ஒருவன் ஊதிப் பாதியில் விட, இன்னொருவன் அங்கிருந்து எடுத்து எங்கோ கொண்டுபோனான். சினிமாப் பாட்டை அச்சுப் பிசகாமல் ஊதிச் சலித்திருந்த நாங்கள் வாயைப் பிளந்துவிட்டோம்.

"நாமளும் இப்பிடிப் பண்ணலாம்டா," என்றான் முனிரத்தினம்.

சட்டமும் அவனே போட்டான். ஊதுகிறவன் நடுவில் நிறுத்தி அடுத்தவன் பக்கம் திரும்புவான். திரும்பினால் வாங்கியே ஆகவேண்டும். தப்போ சரியோ, சும்மா நிற்கக் கூடாது. பாபு காலி டின்களைக் கவிழ்த்துத் தட்டுவான். நான் வழி தவறினால், முனிரத்தினம் என் தப்பையே இரண்டு முறை ஊதி அதைப் பாட்டாக்கிவிடுவான். என் தப்பை அப்படித் தாங்கியவர்கள் வேறு யாருமில்லை, என் மனைவி உட்பட.

பிறகு ஊரே கிளம்ப ஆரம்பித்தது. சிலர் பெங்களூர், சிலர் குவைத். ஒரு ஞாயிற்றுக்கிழமை டின்னைக் கவிழ்த்துக்கொண்டே பாபு கேட்டான்.

"முனிரத்னம் குவைத்துக்குப் போறான், உனுக்குத் தெரியாதா? விசா வந்து பத்து நாளாவுது."

பத்து நாள்! என்னிடம் மூச்சு விடவில்லை.

"சொன்னா நீ மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருப்ப," என்றான் அப்போதுதான் உள்ளே வந்த முனிரத்தினம். "நைனாவுக்கு ஒரு துண்டு நெலம் வாங்கிக் குடுக்கணும்டா. ரெண்டே வருசம், வச்சேஸ்தா, வந்துடுவேன்."

அன்றைக்கு அவன் ஊதியதைப் போல நான் என்றுமே கேட்டதில்லை. மேலே மேலே ஏறிப்போய், சட்டென்று நிறுத்தி, என் பக்கம் திரும்பினான். நான் கிளாரினெட்டின் ரீடை நாக்கால் நனைத்தேன். உதட்டில் வைத்தேன். ஊதவில்லை. அவ்வளவு கோபம். பாபுவின் டின் சத்தம் கொஞ்ச தூரம் தனியாகப் போய் நின்றுவிட்டது.

"எடுத்துக்கடா," என்றான்.

நான் கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

இரண்டு வருஷம் இருபதுக்கு மேல் ஆனது. நைனாவுக்கு நிலம் வாங்கிவிட்டானாம். கொட்டகை இருந்த இடத்தில் கார் ஷோரூம் வந்துவிட்டது. போன வருஷம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். முன்பற்கள் இல்லை. இனி டிரம்பெட் ஊத முடியாது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அத்தனை வருஷம் அடக்கிவைத்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கி நீ வுட்டத நான் எடுத்துக்கலடா."

"அதுக்கு இன்னா, இப்ப எடுத்துக்க," என்று சிரித்தான்.

"எங்க வுட்ட? பாடிக் காட்டு."

வாயைக் குவித்தான். யோசித்தான். அவனுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கும்தான். அந்த நெரிசலில் இரண்டு பேரும் வெகுநேரம் முனகிப் பார்த்தோம். வந்ததெல்லாம் ஏதோ கல்யாணத்தில் ஊதிய பாட்டு.