வெர்னாவின் முயல்காது முடிச்சு

வெர்னா கிம்பலுக்கு மூத்திரப்பை பலவீனம் என்பது குவார்ட்சைட் பாலைவனத்தில் ஜனவரி தோறும் மோட்டார் சைக்கிளோடு வந்து முகாம் போடும் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தச் செய்தியைப் பரப்பியது வேறு யாருமில்லை, அவள் புருஷன் ஒடெல்தான். "பெட்ரோல் பங்க் போர்டு கண்ணுல பட்டா போதும், இவளுக்கு வந்துடும்" என்று நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பான்.

இத்தனைக்கும் அவள் கிங்மன் ஊரில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். காலையில் ஏறி உட்கார்ந்தால் கடைசிப் பிள்ளை இறங்கும் வரை அசையமாட்டாள். அவளுடைய மூத்திரப்பை இரும்பில் செய்தது. ஆனாலும் பதினெட்டு வருஷமாக இந்தப் பழியை வாய் திறக்காமல் சுமந்தாள். காரணம் இருந்தது.

அவர்கள் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவது ஒரு டாய் ஹாலர். அதில் முன்பாதி வீடு, பின்பாதி கொட்டகை. அடுப்பு, கழிப்பறை, சாப்பாட்டு மேஜை எல்லாம் முன்னால். மோட்டார் சைக்கிள்கள் பின்னால். பின்சுவர் மொத்தமும் ஒரே கதவு. அதைக் கீழே சாய்த்தால் அதுவே பைக் ஏற்றும் பலகையாகிவிடும். பைக்குகளின் தலைக்கு மேலே கூரையை ஒட்டி ஒரு கட்டில். பொத்தானை அழுத்தினால் இறங்கும், இன்னொன்றை அழுத்தினால் ஏறும்.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய வண்டி வந்து நின்றாலும் மற்றவர்கள் மடக்கு நாற்காலியும் பியர் டப்பாவுமாக வந்து பின்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கதவு இறங்கும்போது உள்ளே பைக் நிமிர்ந்து நின்றால் கைதட்டல். சாய்ந்து கிடந்தால், கட்டியவன் மூன்று நாள் ரோஸ் நிற வலைப் பாவாடை கட்டிக்கொண்டு திரிய வேண்டும். அந்தப் பாவாடையைத் துவைத்து மடித்துப் பத்திரமாக வைத்திருப்பவன் லைல். பாத்திரம் கழுவச் சொன்னால் முதுகுவலி வந்துவிடும் ஆள், பாவாடைக்கு மட்டும் இஸ்திரி போட்டு வைத்திருப்பான்.

முதல் வருஷம் நடந்தது இதுதான். தரையில் கம்பளத்துக்கு அடியில் இரும்பு வளையங்கள் இருக்கின்றன, பட்டைகளை அதில்தான் மாட்ட வேண்டும். ஒடெலுக்கு வளையம் கண்ணில் படவில்லை. படாவிட்டால் யாரையாவது கேட்கலாம். கேட்பானா? பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டிய பட்டையின் மறுமுனையைக் கொண்டுபோய் மேலே கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கொக்கி போட்டு இறுக்கிவிட்டான். வந்து சேர்ந்ததும் கட்டில் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்த வெர்னா, உள்ளேயிருந்து ஏற்றும் பொத்தானை அழுத்தினாள். அதே நேரம் வெளியே ஒடெல் கதவை இறக்கினான்.

கட்டில் ஏறியது. கட்டிலோடு பைக்கும் ஏறியது. முன்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, மெதுவாக, மரியாதையாக மேலே போனது. லைல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"ஒடெல், உன் பைக்கு பரலோகத்துக்குப் போகுது. யாராச்சும் ஜெபம் பண்ணுங்கப்பா" என்றான்.

மூன்று நாள் பாவாடை. அதன் பிறகு 'பரலோகம்' என்ற பெயர். ஒடெல் எல்லோரோடும் சேர்ந்துதான் சிரித்தான். ஆனால் ஊர் திரும்பியதும் பைக்கின் மேல் தார்ப்பாயைப் போர்த்தியவன் நாலு மாசம் அதன் பக்கமே போகவில்லை. பொத்தானை அழுத்திய விரல் வெர்னாவுடையது. அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இனி ஒருதரம் இந்த மனுஷன் ஊர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று அப்போதே தீர்மானித்துக்கொண்டாள். சொல்லிக்கொடுக்கலாம்தான். ஒடெலுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பாறைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்று என்று அவள் நினைத்தாள்.

ஆகவே மூத்திரப்பை. வழியில் ஹவாசு ஏரிக்கரை ஊரில் டீசல் போட நிற்பார்கள். ஒடெல் காப்பி குடிக்கக் கடைக்குள் போவான். கடைக் கழிப்பறை தனக்கு ஆகாது என்று சொல்லி இவள் பக்கவாட்டுக் கதவு வழியாக டாய் ஹாலருக்குள் நுழைவாள். அப்புறம் இருபது நிமிஷம் பேயாய் வேலை செய்வாள். ஸ்டாண்டு கீழே ஊன்றியிருக்கும், அதை மடக்குவாள். ஸ்டாண்டில் நிற்கும் பைக் குலுங்கினால் அதன் மேலேயே ஏறி விழும். முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை வைப்பாள், இல்லாவிட்டால் பட்டையை இழுக்கிற இழுப்பில் ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கி எண்ணெய் கக்கும். ஹேண்டில்பார் கைப்பிடியிலிருந்து கொக்கிகளைக் கழற்றி, அதற்குக் கீழே உறுதியான இடத்தில் துணி வளையம் போட்டு, இரண்டு பக்கமும் முன்னோக்கிச் சாய்வாக இழுத்து இறுக்குவாள். ஒடெல் பின்சக்கரத்தை ஒருநாளும் கட்டியதில்லை; அதற்கு இரண்டு பட்டை. கடைசியாக, மீந்து தொங்கும் பட்டை முனைகளை மடித்து, பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஷூ நாடா கட்டிவிட்ட பழக்கத்தில், முயல்காது மாதிரி இரண்டு வளையம் வைத்து முடிச்சுப் போடுவாள்.

ஒடெல் திரும்பி வரும்போது மீசையில் சர்க்கரைத் தூள் ஒட்டியிருக்கும். இரண்டு டோனட்டு தின்று, கல்லாவில் இருக்கும் பெண்ணோடு ஊர்க்கதை பேசிவிட்டு வருவான். இவள் ஒன்றும் தெரியாதவள் போலப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முகாமில் கதவு இறங்கும். பைக் இரண்டும் நிமிர்ந்து நிற்கும். கைதட்டல். "கட்டுறதுல ஒரு கணக்கு இருக்கு, எல்லாருக்கும் வராது" என்று ஒடெல் நெஞ்சை நிமிர்த்துவான். வெர்னா காப்பிக் கோப்பைக்குள் சிரித்துக்கொள்வாள். முடிச்சை அவன்தான் அவிழ்ப்பான், பார்ப்பானே என்று அவள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. சோபாவை மாற்றி மூன்று வாரம் கழித்து "இது நம்ம சோபாவா?" என்று கேட்டவன் அவன்.

இந்த வருஷம் சனியன் தோளில் உட்கார்ந்தது. நவம்பரில் அவளுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை. கை, கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் தொங்கியது. பட்டை இறுக்கும் கைப்பிடியை ஒற்றைக் கையால் மடக்க முடியாது. முடியுமா என்று பார்க்க, ஒடெல் வெளியே போன நேரம் சமையலறையில் ஒரு நாற்காலியை மேஜைக் காலோடு கட்டிப் பழகினாள். இடது கை, முழங்கால், விளக்குமாற்றுக் கம்பு. ஒரு நாற்காலிக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. நாற்காலி அசையவில்லை, ஆனால் மேஜையின் கால் கழன்று வந்துவிட்டது.

"போகவேணாம்னா இருந்துக்கலாம் வெர்னா" என்றான் ஒடெல்.

"எதுக்கு இருக்கணும்? கை மட்டுந்தானே ஓடல. வாய் நல்லாத்தான் ஓடுது."

"அது தெரியுது."

கிளம்புகிற அன்று அவளைச் சமையலறையிலேயே உட்காரச் சொல்லிவிட்டு அவனே இரண்டு பைக்கையும் ஏற்றினான். வழக்கமாகக் கால்மணியில் முடிக்கிறவன் அன்று ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். என்ன கூத்து அடிக்கிறானோ என்று அவள் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஹவாசுவில் அவன் கடைக்குள் போனதும் இடது கையால் சாவியைத் துழாவி எடுத்தாள். மடக்குப் படியை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. காலால் ஓர் உதை விட்டாள். அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டே?"

"காப்பி வாங்கியாச்சு. போலாம்."

"டோனட்டு?"

"வேணாம்னு தோணுச்சு."

"உனக்கா?"

"எனக்குத்தான். நீ உள்ள போகணும்ல, வா, கையப் பிடிச்சு ஏத்தி விடுறேன். நானும் கூடவே வந்து நிக்கிறேன்."

வெர்னா யோசித்தாள். அவனை வைத்துக்கொண்டு ஒரு பட்டையையும் தொட முடியாது. தொட முடியாததைப் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

"இப்ப வரல" என்றாள்.

"பதினெட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் வரல" என்று ஆச்சரியப்பட்டான் ஒடெல்.

நெடுஞ்சாலை வரைக்கும் சமாளித்தாள். குவார்ட்சைட்டுக்கு அப்பால் மண் பாதை. அலை அலையாக மேடும் பள்ளமும். வண்டி பல்லை உதிர்க்கிற மாதிரி நடுங்கியது. இரண்டாவது மைலில் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். போச்சு, என் நீல பைக் விழுந்தது, இவனுடைய பெரிய பைக் அதன் மேல் விழுந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நீல பைக்கை விடவும் அவளை உறுத்தியது பக்கத்தில் விசிலடித்துக்கொண்டு ஓட்டுகிறவனின் முகம்தான். தார்ப்பாய் போர்த்திய அந்த நாலு மாசமும் அந்த வாயிலிருந்து விசில் வரவில்லை.

முகாமில் நாற்காலிகள் தயாராக இருந்தன. லைல் பாவாடையைத் தோளில் துண்டு மாதிரிப் போட்டிருந்தான்.

"பரலோகம் வந்தாச்சு. இந்த வருஷம் என்ன, நேரா மோட்சமா, இல்ல கீழயா?"

ஒடெல் தாழ்ப்பாளில் கை வைத்தான். வெர்னா குறுக்கே போய் நின்றாள்.

"லைல், அந்தப் பாவாடைய எங்கிட்டக் குடு. இந்தத் தடவ கட்டினது நான்தான்."

"ஒத்தக் கையோடயா?"

"ஆமா. இவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நாந்தான் அடம் புடிச்சேன். விழுந்திருந்தா என் தப்பு."

கூட்டம் அவள் தூளியைப் பார்த்தது. ஒடெலும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கதவை இறக்கினான்.

இரண்டு பைக்கும் ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்து நின்றன. தரையில், சில்லி என்கிற காரக் கறிக்குழம்பு கிளறும் இரும்புச் சட்டி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கைதட்டல் வந்தது.

"ஒத்தக் கையால இப்படிக் கட்டியிருக்கியே வெர்னா. ரெண்டு கையும் இருந்தா?" என்றான் லைல்.

"ரெண்டு கை இருந்தப்பவும் அவதான் கட்டினா. பதினெட்டு வருஷமா அவதான்" என்றான் ஒடெல். எல்லோரும் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பலகை வழியாக ஏறி உள்ளே போனாள். ஸ்டாண்டு மடக்கியிருந்தது. மரக்கட்டை இருந்தது. துணி வளையம் சரியான இடத்தில், பட்டைகள் சரியான சாய்வில். பின்சக்கரத்துக்கும் இரண்டிரண்டு. எட்டுப் பட்டைகளின் முனைகளிலும் முயல்காது முடிச்சு. ஒரு காது கொஞ்சம் பெரிசு, ஒரு காது சிறிசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒடெல் பின்னாலேயே வந்து சட்டியை எடுத்தான்.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"ரெண்டாவது வருஷமே. பட்டைய அவுக்கப் போனேன், பாலர் வகுப்பு முடிச்சு. நான் எந்தக் காலத்துல அப்படிக் கட்டினேன்? உன் கட்ட அவுத்து அவுத்துத்தான் எல்லாம் கத்துக்கிட்டேன்."

"கத்துக்கிட்டவன் அப்புறம் ஏன்டா பதினேழு வருஷம் தப்புத்தப்பாக் கட்டினே? கைப்பிடியில கொக்கி, ஸ்டாண்டு கீழ. என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"சும்மா தப்பாக் கட்டிட முடியுமா? பைக்கு ஹவாசு வரைக்கும் விழவும் கூடாது, உனக்கு வேலையும் இருக்கணும். அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது."

"ஒடெல்."

அவன் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீ கட்டி முடிச்சிட்டு வந்து உக்காந்திருப்பே பாரு, ஒரு முகம். ஜெயிச்ச முகம். முகாம் வர வரைக்கும் எங்கூடச் சண்டையே போடமாட்டே. நல்லாக் கட்டிட்டா அந்த முகம் எங்க கிடைக்கும்? அதான் நீ முடிக்கிற வரைக்கும் கடைக்குள்ளயே இருப்பேன். ஒரு டோனட்டுக்குப் பத்து நிமிஷம், உனக்கு இருபது வேணும். டாக்டரு என் சர்க்கரைக்குக் காரணம் கேட்டாரே, வாயில வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்."

வெர்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை. நல்ல கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள்.

"என் மூத்திரப்பையப் பத்தி ஊரெல்லாம் சொன்னியே?"

"பின்ன? ஹவாசுல ஏன் அவ்வளவு நேரம் நிக்கிறோம்னு லைலுக்குச் சந்தேகம் வந்துடும்ல."

அன்று சாயங்காலம் ஒடெல் தானாகவே போய் லைலிடம் பாவாடையை வாங்கிக் கட்டிக்கொண்டான். காரணம் கேட்டவர்களுக்கு, டாக்டர் காற்றோட்டமாக இருக்கச் சொன்னார் என்றான். நெருப்புக்குப் பக்கத்தில், வெர்னாவின் நாற்காலியை ஒட்டித் தன் நாற்காலியைப் போட்டு, வலைத்துணி தீயில் படாமல் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏப்ரல்ல தோள் சரியாயிடுமாம்" என்றாள் வெர்னா மெதுவாக.

"சரி."

"அடுத்த தடவ ஒழுங்காத் தப்பாக் கட்டு. இப்படி ஊசி போக இடமில்லாமக் கட்டி வைக்காத."

"சரி."

"ஆனா ஒரு டோனட்டுதான்."

ஒடெல் கொஞ்சம் யோசித்தான். "ஒரு டோனட்டு நேரத்துல ரெண்டு பைக்கையும் முடிச்சிடுவியா?"

வெர்னா தூளியில் கிடந்த கையைப் பார்த்தாள்.

"ஒன்னரை" என்றாள்.