வெள்ளிக்கிழமை மதியம் நின்றுபோன சர்வர்

ரஷ்யாவிலிருந்து எவனோ எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்துவிட்டான் என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். ஏன் ரஷ்யா என்று கேட்காதீர்கள். பயப்படுவது என்று ஆன பிறகு பக்கத்து வாணியம்பாடிக்காரனுக்கா பயப்பட முடியும்?

கம்பெனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தோல் இருப்பு, கட்டிங், பேக்கிங், லாரிக்கான பில் எல்லாம் அதில்தான். ஒழுங்காக ஓடும் நாளில் நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. அன்று மதியம் எல்லாருக்கும் தெரிந்தது. எந்த ஸ்கிரீனும் நகரவில்லை. கேட்டில் லாரி நிற்கிறது. பில் பிரிண்ட் ஆனால்தான் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அதற்கு முன் என்னை அனுப்பிவிடுவார்கள். "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா சென்னைல இருந்து வேற ஆள வெச்சுக்கறேன்" என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில், முட்டிவலியோடு, புது இடத்தில் போய் என் பெருமைகளைச் சொல்லி வேலை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

டிஸ்பாட்ச் பார்க்கும் அம்மா கதவருகே வந்து நின்றார்.

"இன்னா சார், டிரைவர் சாப்ட்டு, தூங்கி, எழுந்தும் உக்காந்துட்டாரு. பில் வருமா வராதா?"

"ஹேக்கர் புகுந்துட்டான்மா" என்று சொல்லி, வீரமாக இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். சர்வர் அப்படியேதான் நின்றது. மாடியில் ஜெர்மனிக்காரரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த முதலாளிதான் பாதி வாக்கியத்தில் அறுந்துபோனார். உடனே போன். ஒயரைத் தப்பான ஓட்டையில் குத்தி, பிறகு சரியான ஓட்டையில் செருகினேன்.

"ஹேக்கர் போய்ட்டானா சார்?" என்றார் அந்த அம்மா. சிரிக்கக்கூட இல்லை.

களைத்து உட்கார்ந்த பிறகுதான், முதலில் பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். யார் என்ன செய்கிறார், எதற்காகக் காத்திருக்கிறார் என்று டேட்டாபேஸ் நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். செஷன் ஹிஸ்டரி என்போம். சும்மா இருப்பவரை அது கண்டுகொள்ளாது. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும், யாரால் காத்திருக்கிறார் என்று எழுதிவிடும்.

ரஷ்யாக்காரன் வந்திருந்தால் சர்வருக்கு மூச்சு வாங்கியிருக்கும். அதுவோ விடுமுறையில் இருப்பது போல் இருந்தது. அத்தனை பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் பக்கத்திலும் ஒரே பெயர்: தோல் குடோன் கம்ப்யூட்டர். போன வெள்ளிக்கிழமையைத் தேடினேன். அதே மதியம், அதே குடோன். அன்று லாரி இல்லை, அதனால் என்னிடம் யாரும் கத்தவில்லை.

குடோனுக்கு நடந்தேன். அங்கே பொறுப்பில் இருக்கும் பாய் இல்லை. ஸ்கிரீனில் நல்ல தோல் லாட் ஒன்றின் கணக்கு, திருத்துவதற்குத் திறந்தபடி கிடந்தது. அவர் சேவ் செய்து மூடும்வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. லாரியில் ஏறிய ஷூக்கள் அந்த லாட் தோலில் வெட்டித் தைத்தவை. ஆகவே பில் அங்கே நின்றது. பில்லுக்குப் பின்னால் மற்ற எல்லாம் நின்றன. அவர் இணைப்பை நான் அறுத்துவிடலாம். காலையெல்லாம் அவர் அளந்து ஏற்றிய கணக்கும் சேர்ந்து போகும். அறுக்கவும் பயம், காத்திருக்கவும் பயம். நாற்காலி பக்கத்திலேயே நின்றேன்.

தொழுகை முடிந்து, தொப்பியை மடித்தபடி பாய் வந்தார்.

"இன்னா சார், மூஞ்சி பேஜாரா கீது?"

"பாய், இத மூடாம போய்ட்டீங்களே!"

"மூடுனா அவ்ளோதான். நான் ஜும்மாவுக்குப் போற நேரம் பாத்து, நம்ம ரெண்டாவது யூனிட்காரன் நல்ல தோலெல்லாம் அவன் பேர்ல போட்டுக்கறான். தொறந்து வெச்சா கை வெக்க முடியல. போன வாரம் பூரா புலம்பினான். சூப்பரா வேலை செய்யுது சார் உங்க சாஃப்ட்வேர்!"

குடியாத்தம் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அதைத்தான் மனிதர் என் டேட்டாபேஸில் செய்திருக்கிறார். என் வேலையை யாரும் பாராட்டியதும் அன்றுதான்.

"சேவ் பண்ணுங்க பாய்."

"ஏன் சார், அவன் உங்க தோஸ்தா?"

"என் வேலை போய்டும் பாய்."

பாய் உட்கார்ந்து பட்டனை அமுக்கினார்.

பில் பிரிண்ட் ஆனது. லாரி கிளம்பிப் போய்க் கப்பலைப் பிடித்தது. என்ன ஆச்சு என்று முதலாளி கேட்டார். ரஷ்யா நாக்கு நுனிவரை வந்தது. சோர்வாக இருந்ததால் உண்மையையே சொன்னேன். குடோன் பாய் ஒரு தோல் லாட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார் என்று. சென்னை ஆள் பேச்சை அவர் எடுக்கவில்லை.