அதே கம்பெனி கிடார்

அந்த கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்காக நான் வாயால் செய்த விளம்பரம் ஒரு ஆயுளுக்குப் போதும். தொண்ணூறுகளில் மயிலாப்பூர், தி. நகர் பக்கம் ரெக்கார்டிங்குக்குப் போய்வந்த கிடார்காரர் யார் கையிலாவது அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்திருந்தீர்கள் என்றால், பெரும்பாலும் நான்தான் அவரை நச்சரித்து வாங்க வைத்திருப்பேன்.

என்னுடையது என் தாய்மாமன் கொண்டுவந்தது. கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். எந்தத் துறைமுகத்தில் வாங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் பெரிய அழகில்லை, வெளிறிய மஞ்சள் பலகை, அவ்வளவுதான். சாந்தோம் பக்கம் சர்ச் கொயரில் அதை முதல் தடவை வாசித்தபோது, பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

"ஏன் எல்லாரும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று வெளியாட்கள் கேட்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். மே மாத வெயிலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, பனிக்கட்டி மாதிரி இருக்கும் ஏ.சி. அறைக்குள் நுழைந்து, அஞ்சு நிமிஷத்தில் வாசிக்க வேண்டும். மற்ற கிடார்கள் அந்த அஞ்சு நிமிஷத்தில் சுருதி கலைந்து மானத்தை வாங்கிவிடும். நீங்கள் சுருதி சேர்க்கக் கிடாரின் காதை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பத்து வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உங்களையே பார்ப்பார்கள். அந்தப் பார்வையை ஒரு தடவை அனுபவித்தவன் வேறு கிடாரைத் தொடமாட்டான். என் கிடாருக்குச் சுருதி கலையாது. சவுண்ட் இன்ஜினீயர் மைக்கை எங்கே வைக்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டி வைத்திருப்பார். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், "போலாம்" என்பார்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த மாடலில் நூறு கிடார் செய்தாலும் நூறும் ஒரே மாதிரி ஒலிக்கும். இதை நான் கண்ணால் கண்டவன். ஒரு தடவை பாதிப் பாட்டு முடிந்து சாப்பாட்டு இடைவேளையில், ஸ்டூடியோ மாடிப்படியில் பெட்டி என் கைநழுவி உருண்டது. தந்திகளைத் தாங்கும் கட்டை பெயர்ந்துவிட்டது. மீதிப் பாட்டு இருக்கிறது. தி. நகரில் இருந்த இன்னொரு கிடார்காரரின் வீட்டுக்கு ஆட்டோவில் ஓடினேன். அவரும் என் பேச்சைக் கேட்டு அதே மாடலை வாங்கியவர்தான். அவர் கிடாரை வாங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்து வாசித்தேன். இன்ஜினீயருக்குத் தெரியவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு நானே சொன்னேன், அவர் நம்பவில்லை. பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் ஒட்டுப் போட்ட இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. கல்யாண வீட்டில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், பல் வலிக்குப் போன இடத்தில் டாக்டரிடம் சொன்னேன். "அதான் கம்பெனி" என்று முடிப்பேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போது மந்தைவெளியில் குடியிருந்தோம். எங்களுக்கு போன் இல்லை, மாடியில் இருந்த வீட்டுக்கார மாமியின் நம்பரைத்தான் எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். மாமி மாடிப்படியில் பாதி இறங்கி நின்று சொல்வார்: "உங்களுக்கு போன் வந்தது. நாளைக்குக் கார்த்தால அடையாறு வரணுமாம். மறக்காம அந்த கிடாரை எடுத்துண்டு வரச் சொன்னா." ஒவ்வொரு தடவையும் இந்தக் கடைசி வரி இருக்கும். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அடையாறிலிருந்து கூப்பிடுவது என் நண்பன். கீபோர்டு வாசிப்பவன், ஆதம்பாக்கத்துக்காரன். மீசை முளைக்கும் முன்பிருந்தே சேர்ந்து கச்சேரி செய்தவர்கள் நாங்கள். என் கல்யாணத்துக்கு அவன்தான் கீபோர்டு. அடையாறில் ஒரு வீட்டின் கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டூடியோ ஆக்கியிருந்தான். ஜவுளிக்கடை, எண்ணெய், ஊதுபத்தி விளம்பரங்களுக்கு அரை நிமிஷப் பாட்டுகள். பெரிய ஸ்டூடியோக்களில் எங்கள் மாதிரி ஆட்களைக் கூப்பிடுவது அதற்குள் குறைந்துவிட்டிருந்தது. எனக்கு மிச்சமிருந்தது அவன் போன் மட்டும்தான். வாரத்தில் மூன்று நாள், சில சமயம் நாலு நாள். அது நின்றால் கிடாரைப் பரணில் போட வேண்டியதுதான் என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். அவள் ஸ்கூல் டீச்சர். வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு நாள் அவன் கூப்பிட்டான். போனால் வேறு யாரும் இல்லை, அவனும் ஒரு புது மெஷினும்தான்.

"இன்னா மச்சி, சாப்ட்டியா? இது புதுசா வந்துகீது. மைக் செட் பண்ணிப் பாக்கணும். பாட்டுல்லாம் இல்ல. ஒவ்வொரு நோட்டா அடி, போதும்."

ஒவ்வொன்றாக அடித்தேன். ஆறு தந்தி, ஒவ்வொரு தந்தியிலும் கழுத்துப் பலகையில் விரல் வைக்கும் எல்லாக் கட்டமும். மெதுவாக ஒரு தடவை, நடுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை. அடித்துவிட்டு, சத்தம் முழுக்க அடங்கும் வரை அசையக்கூடாது. மைக்குக்குச் சத்தமாகிவிடும் என்று ஏ.சி.யும் கிடையாது, ஃபேனும் கிடையாது. வியர்வை முதுகில் ஊற்றுகிறது. ரெக்கார்டிங்கில் வாசிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி சுரம் அடங்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். யாரும் சொல்லித் தருவதில்லை, திட்டு வாங்கி வாங்கித் தானாக வந்துவிடும். அன்று மதியம் முழுவதும் மூச்சை அடக்கியதில் எனக்குத் தலை சுற்றியது. ஐந்தாவது தந்தி, மூன்றாவது கட்டம். அந்த சுரம் ரொம்ப நேரம் நிற்கும். அடங்கப் போகும் நேரத்தில் என்னால் முடியவில்லை, மூச்சு விட்டுவிட்டேன்.

"இன்னொண்ணு எடுத்துக்கடா" என்றேன்.

"வுடு மச்சி. நம்ம ரெண்டு பேர் காதுக்குத்தான் அது கேக்கும்."

நண்பனின் மெஷினுக்கு உதவி செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். போகும்போது பக்கத்துக் கடையில் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். அதையும் குடித்தேன்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், இரண்டு வாரம் பார்த்தேன். தீபாவளி முடிந்துவிட்டது, விளம்பரம் குறைவு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொங்கலும் வந்தது. ஒரு நாள் வெட்கத்தை விட்டு மாடிக்குப் போய், போன் வேலை செய்கிறதா என்று மாமியிடம் கேட்டேன். மாமி ரிசீவரை எடுத்து என் பக்கம் நீட்டினார். நன்றாகத்தான் கொய்ங் என்றது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். டி.வி. முன்னால் இருந்து என் மனைவி கூப்பிட்டாள்.

"சீக்கிரம் வாங்க, நீங்க வாசிச்சது வருது."

ஈரக் கையோடு ஓடினேன். ஏதோ ஒரு பட்டுப்புடவைக் கடை விளம்பரம். என் கிடார்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டை நான் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. கடைப் பெயர் திரையில் வரும்போது ஒற்றை சுரம் நீளமாக நின்றது. ஐந்தாவது தந்தி, மூன்றாவது கட்டம். அது அடங்கும்போது, மெல்ல ஒரு மூச்சு.

"உங்க மூச்சு" என்றாள். என்னோடு பத்து வருஷம் ஒரே அறையில் தூங்கியவள், அவளுக்குத் தெரியாதா. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "எப்ப வாசிச்சீங்க? வேலையே வரலைன்னு சொன்னீங்களே."

"நான் வாசிக்கல" என்றேன். அவள் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? என் கிடார், என் விரல், என் மூச்சு, நான் மட்டும் அங்கே இல்லை.

மறுநாள் அடையாறு போனேன். பாலத்தைக் கடக்கும் வரை பஸ்ஸில் அவனைத் திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். போனால் அவன் வழக்கம் போல "வா மச்சி" என்கிறான். அந்தப் புது மெஷினோடு இணைத்திருந்த கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினான். என் கிடார் ஒலித்தது. இன்னொன்றை அமுக்கினான். அதுவும் நான்தான்.

"எப்டி கீது?" என்றான் சந்தோஷமாக. அவனுக்குத் தப்பு செய்துவிட்டதாகவே தோன்றவில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

"மைக் செட் பண்ணணும்னு சொல்லித்தானேடா கூப்பிட்ட?"

"அதுவுந்தான். இத பாரு, விளம்பரக் கம்பெனிக்காரன் ஒரு மணி நேரத்துல பாட்டு வேணும்ன்றான். மாமிக்கு போன் போட்டு, நீ பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள அவன் வேற ஆளப் பாத்துக்கினு போயிருவான். நான் இன்னா பண்ணட்டும்?"

"அதுக்கு என்னை எடுத்து உள்ளே போட்டுப்பியா?"

"உன்ன எங்க எடுத்தேன் மச்சி? உன் கிடாரத்தானே எடுத்தேன்."

அவன் ஹெட்போனைப் பிடுங்கி அவன் காதிலேயே மாட்டினேன். "அந்த சுரத்தைப் போடு. கடைசியில சத்தத்தைக் கூட்டு. கேளு. யாருடா அது? கிடார் மூச்சு விடுமா?"

கேட்டான். முகம் மாறியது. திரும்பவும் போட்டுக் கேட்டான். மாட்டிக்கொண்டாய், இனி என்ன சொல்வாய் என்று நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"ஐயையோ, ஆமா மச்சி. மறந்தே பூட்டேன். நல்ல வேள சொன்ன. தேங்க்ஸ்டா."

வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகளோடு வெளியே வந்துவிட்டேன். மந்தைவெளி வரை நடந்தே வந்தேன். அதற்கு மூன்று வாரம் கழித்து, சாயங்காலம் காபி நேரத்துக்கு அவனே வீட்டுக்கு வந்தான். என் மனைவி டம்ளரை அவன் முன்னால் ஓசை வரும்படி வைத்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தான்.

"மச்சி, கேளு. அந்த நோட்ட மட்டும் மாத்திட்டேன். சுத்தமா கீது."

"யாரு வாசிச்சது?"

"டி. நகர்ல உன் ஃப்ரெண்டு இல்ல, அவரக் கூட்டியாந்தேன். உன் கிடாரேதான் அவர்கிட்டயும் கீது. நீதானே சொல்லுவ, நூறு செஞ்சாலும் நூறும் ஒண்ணுதான்னு. அஞ்சு நிமிஷம்கூட ஆவல."

காபியைக் குடித்துவிட்டு, கேசட்டை வைத்துவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பியதும் கேசட்டைப் போட்டேன். புதிதாக ஏதோ ஊதுபத்தி விளம்பரம். ஐந்தாவது தந்தி, மூன்றாவது கட்டம் அதில் நாலைந்து இடத்தில் வருகிறது. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் சுரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு சுரம் அடுத்தவருடையது. அது வித்தியாசமாகத்தான் ஒலிக்கும், ஒலித்தே தீர வேண்டும், பதினைந்து வருஷம் என் மடியில் இருந்த கிடார் அது. மூன்றாம் தடவையும் ஓட்டினேன்.

சமையலறை வாசலில் நின்று என் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க மாத்தியிருக்காரு?" என்றாள்.

"தெரியல" என்றேன்.