பிளஷர் காரில் யார் யார்

கோலியனூர் பெரியதம்பி உலகச் சண்டைக் காலத்தில் ஏறிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலையில் கொழித்தவர். 1946-ல், சீமைக்குக் கப்பலேறிய ஒரு ரயில்வே துரையிடம் பழைய பிளஷர் கார் ஒன்றை வாங்கினார். வயலுக்கோ மண்டிக்கோ அது போனதில்லை. மயிலத்துக்கு, புதுச்சேரிக் கடற்கரைக்கு, விழுப்புரம் சினிமாவுக்கு என்று உல்லாசமாகச் சுற்ற மட்டும்தான். சுற்றியது அவரும் இளைய மனைவி ராஜாமணியும். மூத்தவள் கெங்கம்மாள் ஒரே ஒரு முறை ஏறினாள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தாள். பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

கார் தெருமுனை திரும்பும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. பிள்ளை இல்லையென்று அவர் இன்னொருத்தியைக் கட்டியபோதுகூட இப்படி எரிந்ததில்லை. அன்று அவளே முன்னால் நின்று தாலி எடுத்துக் கொடுத்தாள். ஆனால் புழுதி கிளப்பிப் போகிற வண்டியின் ஜன்னலில் ராஜாமணியின் முந்தானை பறப்பதை நின்று பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

அந்த வருஷம்தான் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்தது. விழுப்புரத்திலிருந்து ஏஜெண்டு அரங்கநாதன் வந்தார். கதவுக்கு உட்புறம் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த கெங்கம்மாள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“உங்க வண்டி யாரையாவது இடிச்சிட்டா கம்பெனி அவங்களுக்குக் குடுக்கும். சட்டத்துக்கு அது போதுங்க. மேல கொஞ்சம் கட்டினா, வண்டி நசுங்கினாலும் எரிஞ்சாலும் பணம் வரும். இன்னும் சேத்துக் கட்டினா, உள்ள உக்கார்றவங்களுக்கு அடிபட்டாலும் உண்டு. யார் யார் போவீங்க?”

“நானும் சின்னவளும்தான். பெரியவளுக்கு வண்டி ஒத்துக்காது. அவளுக்கு எதுக்கு?”

கெங்கம்மாள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

“ஏங்க, வெள்ளிக்கெழம அதுவுமா இன்னா பேச்சு பேசிக்கினு இருக்கீங்க? உயிரோட இருக்கறவளுக்குக் கை போனா இவ்ளோ, கால் போனா இவ்ளோன்னு வெல பேசினா வெளங்குமா? கேக்கவே ஒடம்பு நடுங்குது.”

பக்கத்தில் நின்ற ராஜாமணியின் முகம் வெளுத்தது. “அக்கா சொல்றது சரிதாங்க. எனக்கு வேணாம்.”

வண்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். அன்று கெங்கம்மாள் வயிறார உண்டாள்.

மாசியில் மயிலம் போகும்போது, கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் எருமை ஒன்று குறுக்கே ஓடியது. டிரைவர் அந்தோணிசாமி ஒடித்த ஒடிப்பில் கார் பள்ளத்தில் இறங்கிப் புளியமரத்தில் மோதியது. ஆண்கள் இருவருக்கும் சிராய்ப்பு. ராஜாமணிக்குக் கால் முறிந்தது.

கம்பெனி செலவில் காரைத் தட்டி நிமிர்த்திப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். காலுக்கு ஒன்றும் வரவில்லை. வைத்தியத்துக்கு மேட்டு நிலத்தை விற்க வேண்டியிருந்தது. கட்டுப் பிரித்தபோது கால் குட்டையாகச் சேர்ந்திருந்தது.

“பெரியவ நல்லதுக்குத்தான் சொன்னா,” என்று பெரியதம்பி ஏஜெண்டிடம் சொன்னது கெங்கம்மாள் காதில் விழுந்தது. ராஜாமணிக்கு அவள்தான் கஞ்சி ஊட்டினாள், உடம்பு துடைத்துவிட்டாள். “அக்கா, நீ இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன்?” என்று அவள் கையைப் பிடித்தால் கெங்கம்மாளுக்குக் கூசும். ஆனால் பெரியதம்பி ராஜாமணியின் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கூச்சம் போய் எரிச்சல் வந்துவிடும்.

மறுவருஷம் அரங்கநாதன் வந்தபோது, “உள்ள இருக்கறவங்களுக்கும் எழுதுங்க,” என்றார் பெரியதம்பி.

“எனக்கும் சேத்து எழுதுங்க,” என்றாள் கெங்கம்மாள்.

“நீ எங்க வரப்போற?”

“வர்றேன். வாந்தி வந்தா எடுத்துட்டுப் போறேன்.”

எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே புதுச்சேரி வரைக்கும் போனாள். கடற்கரை மணலில் ராஜாமணியால் நடக்க முடியவில்லை. பெரியதம்பி தோள் கொடுத்தார். நாலு பேர் பார்க்க, அவர் கழுத்தில் கை போட்டு நொண்டிக்கொண்டே அவள் அலை வரைக்கும் போனாள். அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை எடுத்துக்கொண்டு கெங்கம்மாள் பின்னால் நடந்தாள். கால் நன்றாக இருந்தவரைக்கும் இவள் அவரை இப்படிப் பிடித்ததில்லையே என்று நினைத்தபோது, அவளுக்கு மறுபடியும் குமட்டிக்கொண்டு வந்தது.